இரண்டு டிப்போக்களுக்கு ஒரே சார்ட்

பாலத்து டிப்போவை மூடப்போகிறார்கள் என்ற செய்தி எங்களுக்கு முதலில் டீக்கடை வழியாகத்தான் வந்தது. சர்க்குலர் அதற்குப் பத்து நாள் கழித்து வந்தது. நாற்பத்தெட்டு பஸ், இருநூற்று அறுபது பணியாளர்கள், ஆறு மேசை, ஒரு சுவர்க்கடிகாரம், எல்லாம் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மேட்டு டிப்போவோடு இணைக்கப்படும் என்று அதில் இருந்தது. சுவர்க்கடிகாரத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. இருநூற்று அறுபது பேரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்த இருநூற்று அறுபதில் நான் ஒருவன். கண்டக்டர். அப்போது பதினாறு வருட சர்வீஸ். நான் சொல்ல வந்தது மேட்டு டிப்போவில் எங்களுக்கு முன்பே இருந்த ஒரு பெண்ணைப் பற்றி. அவருக்கு அங்கே 'சார்ட் அக்கா' என்று பெயர். வயதில் மூத்த டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எந்த டிரைவர், எந்தக் கண்டக்டரோடு, எந்த ரூட்டில், எத்தனை மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்பதை வாராவாரம் எழுதி ஒட்டுவதுதான் அவர் வேலை. அதற்குப் பெயர் டூட்டி சார்ட். வெளியிலிருந்து பார்த்தால் கட்டம் போட்ட தாளில் பெயர் நிரப்பும் வேலை. உள்ளே இருப்பவனுக்கு அதுதான் அவன் தூக்கம், சாப்பாடு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் நேரம், மனைவியோடு பேசும் நேரம் எல்லாம்.

பத்தொன்பது வருடம் அந்த வேலையைப் பார்த்திருந்தார். மாலை வெயில் நேராகக் கண்ணில் அடித்தால் தடுமாறுகிற ஒரு டிரைவருக்கு, மேற்கே போகும் ஐந்து மணி டிரிப் ஒரு நாளும் விழாது. முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரை ஒரே பஸ்ஸில் ஏற்ற மாட்டார். ஒரு கண்டக்டரின் மகளை மூன்று மணிக்குச் சிறப்புப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டும். அந்தக் கண்டக்டரின் டூட்டி இரண்டேகாலுக்கு முடியும். இதையெல்லாம் யாரும் அவரிடம் மனு எழுதிக் கேட்டதில்லை. அவர் கவனித்து வைத்திருந்தார். அதே சமயம், நல்ல ரூட் வேண்டும் என்று குழைந்துகொண்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தால், பென்சில் சீவ ஆரம்பித்துவிடுவார். வந்தவர் பேசி முடிக்கும்வரை சீவிக்கொண்டே இருப்பார்.

இதெல்லாம் மேட்டு டிப்போக்காரர்களுக்கு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு அவர் வெறும் எதிர் டிப்போ ஆள்.

முதல் ஆறு மாதம் இரண்டு சார்ட் ஓடும் என்று மேலாளர் அறிவித்தார். தலைமை அலுவலகத்திலிருந்து புதிதாக வந்தவர். நல்ல மனிதர், சட்டையில் எப்போதும் இரண்டு பேனா. எங்களுக்கு ஒரு நோட்டீஸ் போர்டு, அவர்களுக்கு ஒரு நோட்டீஸ் போர்டு. ஓய்வறையில் அவர்கள் ஜன்னல் பக்கம், நாங்கள் குழாய்ப் பக்கம். எங்கள் பஸ்களை நிறுத்தச் சுற்றுச்சுவர் ஓரமாக இடம் ஒதுக்கினார்கள். மழை பெய்தால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் இடம் அது.

கொஞ்சம் கொஞ்சமாக எல்லோர் கையும் தளர்ந்தது. பழைய டிப்போவில் அரை மணி முன்னால் வந்து, டயரைத் தட்டிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு டீ குடிக்கிற டிரைவர், இப்போது பஸ் எடுக்கிற நிமிஷத்துக்கு வந்து நின்றார். பிரேக் லேசாக இழுக்கிறது என்று எழுதிக் கொடுப்பவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். மெடிக்கல் லீவு ஏறிக்கொண்டே போனது. மேட்டு டிப்போ ஆட்களுக்கும் அதே கதைதான். தங்கள் வீட்டுக்குள் யாரோ பெட்டி படுக்கையோடு வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது அவர்களுக்கு.

நாலாவது மாதம் ஒரு நண்பகலில் என் பஸ் மார்க்கெட் ரோட்டில் நின்றுபோனது. அறுபது பயணிகள் இறங்கி வெயிலில் நின்றார்கள். பின்னாலேயே மேட்டு டிப்போ பஸ் ஒன்று காலியாக வந்தது. கையைக் காட்டினேன். டிரைவர் என்னைப் பார்த்தார், என் பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருந்த பழைய டிப்போ எழுத்தைப் பார்த்தார், போய்விட்டார். நாற்பது நிமிஷம் நின்றோம். பயணிகள் என்னைத் திட்டியது போதாதென்று புகாரும் எழுதினார்கள்.

மறுநாள் மேலாளர் எல்லோரையும் கூட்டினார். "நாம எல்லாரும் இப்ப ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அப்ப சமையல் மட்டும் ஏன் சார் தனித்தனியா?" என்றது. கூட்டம் சிரிப்போடு முடிந்துவிட்டது. சார்ட் அக்கா மட்டும் சிரிக்கவில்லை என்று அன்றைக்குக் கவனித்தேன். அந்தக் காலி பஸ்ஸை அந்த நேரத்துக்குப் போட்டது அவர்தானே.

அவருக்கும் அந்த மாதங்களில் வேலை கசந்துவிட்டது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எட்டு மணிக்கு வருபவர் ஒன்பதரைக்கு வர ஆரம்பித்தார். ஐந்து மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். போன வார சார்ட்டிலேயே தேதியை மட்டும் மாற்றி ஒட்டிய வாரமும் உண்டு. அவர் கணவர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் அவர், "இப்பல்லாம் சீக்கிரம் வந்துடற. நல்லாத்தான் இருக்கு. ஆனா வந்து உம்முனு உக்காந்திருக்கியே, அதுக்கு லேட்டாவே வரலாம்" என்றாராம்.

ஆறாவது மாதம் முடியும் சமயத்தில் மேலாளர் சார்ட் அக்காவைக் கூப்பிட்டார்.

"ஒரே சார்ட்டா போடணும். எட்டு வாரம் டைம். நீங்க போடலன்னா ஹெட் ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல போட்டு அனுப்பிடுவாங்க."

"பாலத்து டிப்போ ரூட்டுல ஒண்ணுகூட எனக்குத் தெரியாதே சார்."

"தூரம், நேரம், ஸ்டாப்பிங், எல்லாம் ஃபைல்ல இருக்கு."

"இந்த டிப்போவுக்கும் ஃபைல் இருக்கு சார். அதை வெச்சு நான் ஒரு நாளும் சார்ட் போட்டதில்ல."

"சரி, வேற எப்படிப் போடுவீங்க?"

அவர், "போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார். மேலாளர் அவர் எங்கோ லீவில் போகிறார் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை, நான் கண்டக்டராக இருந்த நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸில் கடைசி சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். மார்க்கெட்டிலிருந்து ஆலைக் குடியிருப்பு வழியாகக் கல்குவாரி வரை போகும் ரூட் அது. எங்கள் டிப்போவிலேயே மோசமான ரூட். மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு, கையில் பென்சில். நேராகப் போய் நின்றேன்.

"உளவு பாக்க வந்தீங்களா?"

"ஆமா" என்றார், நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே. "கல்குவாரியில டாய்லெட் இருக்கா, இல்லையான்னு உளவு பாக்க வந்தேன்."

கல்குவாரியில் டாய்லெட் இல்லை. ஆண்கள் நாங்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டோம். அந்த ரூட்டில் வந்த பெண் கண்டக்டர்கள் டூட்டி அன்றைக்குக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். ஏழு வருடமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எந்தத் தாளிலும் இல்லாத விஷயம்.

எட்டு இருபதுக்கு ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கேட் திறந்தபோது மறுபடி பார்த்தார்.

"பதினாலு நிமிஷம். தினமும் இப்படித்தானா?"

"தினமும்தான். முதல்ல ஒரு சரக்கு வண்டி, அப்புறம் ஒரு பாசஞ்சர்."

"சார்ட்ல இதுக்கு எத்தனை நிமிஷம் விட்டிருக்காங்க?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல."

"அப்ப அந்த நேரம் எதுலேருந்து போகுது?"

"எங்க சாப்பாட்டு நேரத்துலேருந்து."

எழுதிக்கொண்டார். கல்குவாரியில் பஸ் திருப்பும் இடத்தை யாரோ தோண்டிப் போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. டிரைவர் எண்பது அடி தூரம் பின்னாலேயே எடுத்து வர வேண்டும். நான் கீழே இறங்கி, பஸ் தகரத்தைத் தட்டித் தட்டி வழிசொல்ல வேண்டும். ஒரு பக்கம் பள்ளம். அவர் இறங்கி நின்று முழுதும் பார்த்தார். அந்தப் பள்ளத்தின் ஓரம் வரைக்கும் நடந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நோட்டில் இரண்டு வரி எழுதினார்.

எட்டு வாரத்தில் எங்களுடைய இருபத்தாறு ரூட்டிலும் அவர் போய் வந்தார். வாராந்திர ஓய்வு நாள் எல்லாம் அதிலேயே போனது. சில ரூட்டில் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ரயில்வே கேட்டுக்கு மட்டும் மூன்று முறை வந்தார்; ஒரு நாள் பார்த்து முடிவு செய்யக்கூடாதாம். எங்கள் ஆட்களுக்கு முதலில் கேலியாக இருந்தது. "அக்கா இன்னிக்கு எந்த ஊர்வலம்?" என்று கேட்பார்கள். நாலாவது வாரத்திலிருந்து தாங்களாகவே வந்து சொல்ல ஆரம்பித்தார்கள்: அக்கா, பதினெட்டாம் நம்பர்ல பள்ளிக்கூடம் விடற நேரம் ஒரு தடவ வந்து பாருங்க, அக்கா, எனக்கு முதுகு வலி, அந்த மேடு பள்ள ரூட் மட்டும் வேணாம். முதுகு வலியையும் எழுதிக்கொண்டார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுக்கொண்டார்.

சார்ட்டுக்கு அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. இரண்டு டிப்போ ரூட்டுகளையும் ஒன்றாகக் கொட்டி, லேசானது, நடுத்தரம், கனமானது என்று மூன்றாகப் பிரித்தார். கனமான ரூட்டில் யாரும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டாம். லேசான ரூட்டிலும் அப்படியே. எல்லோரும் சுற்றி வர வேண்டும். கண், முதுகு, பிள்ளை, வீட்டில் நோயாளி என்று உண்மையான காரணம் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு.

இதில் ஒரு சிக்கல். மேட்டு டிப்போவின் ஒன்பதாம் நம்பர்தான் ஊரிலேயே லேசான ரூட். அகலமான சாலை, மர நிழல், ஆஸ்பத்திரியிலிருந்து கல்லூரிக்கு நேர்க்கோடு. பதினோரு வருடமாக அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் சார்ட் அக்காவின் கூடப்பிறந்த அக்காவுடைய கணவர். சீனியாரிட்டியில் வந்த ரூட்தான், சலுகை எதுவும் இல்லை. புதுச் சார்ட்டில் அவர் பெயர் நாற்பத்தொன்றில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சார்ட் அக்கா தன் அக்கா வீட்டுக்குப் போய், சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிட்டார். அங்கே நடந்ததை அந்த டிரைவரே என்னிடம் ஒரு நாள் சொன்னார்.

"பதினோரு வருஷம்மா. வேற யார் பேரையாவது போடக்கூடாதா?"

"யார் பேரைப் போடட்டும், சொல்லுங்க மாமா."

"எத்தனையோ பேர் இருக்காங்க."

"அவங்களுக்கெல்லாம் சார்ட் எழுதற மச்சினிச்சி இல்லையே. அவங்க யார்கிட்டப் போய்க் கேப்பாங்க?"

"அதுக்காக என்னைக் கொண்டுபோய்க் கல்குவாரியில தள்ளுவியா?"

"ரெண்டு மாசம். உங்க பேரை முதல் சுத்துல போடலன்னா, இந்தச் சார்ட்டை ஒருத்தனும் மதிக்க மாட்டான் மாமா."

அவருடைய அக்கா அதுவரை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம். "ஆபீஸ்ல நல்ல பேர் வாங்கறதுக்கு என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா உனக்கு?" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு ஐந்து மாதம் தங்கையோடு பேசவில்லை. சாப்பாடு போட்டார், பேசாமல்.

ஒரு வியாழக்கிழமை காலை சார்ட்டை ஒட்டினார்கள். இரண்டு போர்டுக்கும் நடுவில் இருந்த சுவரில், ஒரே தாளாக. மதியத்துக்குள் அதன் குறுக்கே சிவப்பு மையில் யாரோ 'துரோகி' என்று எழுதிவிட்டார்கள். எழுதியது எங்கள் ஆள் இல்லை. எங்களுக்கு அவர் துரோகம் செய்ய ஒன்றும் இல்லை. அவர் வந்து பார்த்தார், தாளைக் கழற்றினார், வேறு பிரதி எடுத்து அதே இடத்தில் ஒட்டினார். மேலாளர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"கொஞ்ச நாள் தள்ளி வெச்சிடலாமாம்மா? பிரச்சினை ஆயிடும் போலிருக்கே."

"ஒரு மாசம் ஓடட்டும் சார். ஓடலன்னா என்னை வேற எந்த சீட்டுக்கு வேணும்னாலும் மாத்துங்க, பேசாம போயிடறேன்."

திங்கட்கிழமை காலை ஐந்தேகாலுக்கு நான் டிப்போவுக்குப் போனபோது அவர் வாசலில் நின்றிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, வருகிறவர்களை எண்ணிக்கொண்டு. மேட்டு டிப்போ டிரைவர்கள் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று பேச்சு இருந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் அவரைப் பார்த்தும் பார்க்காமல் போனார்கள். பதினோரு பேர் வரவில்லை. நாற்பது பேர் வரமாட்டார்கள் என்று அவர் பயந்திருந்தாராம். ஐந்து முப்பத்தைந்துக்கு அவருடைய மாமா வந்தார். மச்சினிச்சியிடம் ஒரு வார்த்தை இல்லை. நேராக வந்து நாற்பத்தொன்றில் ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர் நான்; வழி தெரிந்த ஆள் வேண்டும் என்று முதல் சுற்றில் என்னை அங்கேயே விட்டிருந்தது.

முதல் இரண்டு டிரிப் அவர் வாயைத் திறக்கவில்லை. எட்டு இருபதுக்குக் கேட் மூடியது. இன்ஜினை அணைத்துவிட்டு, "இதுக்கு நாம லேட்டா?" என்று கேட்டார்.

"இல்ல. பதினாலு நிமிஷம் சார்ட்லயே விட்டிருக்கு."

"யாரு விட்டது?"

"உங்க மச்சினிச்சிதான். மூணு தடவ இங்க வந்து கடிகாரத்தோட நின்னாங்க."

அவர் கீழே இறங்கினார். சீட்டுக்கு அடியிலிருந்து துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்தார். அந்த ரூட்டில் யாரும் கண்ணாடி துடைத்துப் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

கல்குவாரியில் பின்னால் எடுக்கும்போது அவருக்குப் பழக்கமில்லை. நான் தட்டிக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் பின்சக்கரம் பள்ளத்துப் பக்கம் சரிய, "நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். ஒரு சாண் இடைவெளியில் நின்றது. அவர் முன்னால் எடுத்து, திரும்ப வந்து, நேராக்கி நிறுத்தினார். இறங்கி வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"இதத் தினமும் செஞ்சீங்களா நீங்க?"

"ரெண்டு வருஷமா."

"எங்களுக்குத் தெரியாதேய்யா" என்றார். சாப்பாட்டை எடுத்து வைத்து, பாதியை என் பக்கம் தள்ளினார். இருபது நிமிஷம் உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்று மாலையே அந்தப் பள்ளத்தைப் பற்றி அவர் கைப்பட ஒரு புகார் எழுதினார். நாங்கள் எழுதிய ஏழு புகாருக்கும் பதில் வந்ததில்லை. பதினோரு வருடம் ஒன்பதாம் நம்பர் ஓட்டிய சீனியர் டிரைவரின் எழுத்துக்கு மூன்று வாரத்தில் மண் கொட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மண் மண்தான் என்று விட்டுவிட்டேன்.

சார்ட் குறையில்லாமல் இருந்தது என்று சொன்னால் அது பொய். இரண்டு பெண் கண்டக்டர்களுக்குக் காலை முதல் பஸ்ஸில் டூட்டி போட்டிருந்தார் சார்ட் அக்கா. அவர்கள் வீட்டிலிருந்து டிப்போவுக்கு வரவே அந்த நேரத்தில் பஸ் கிடையாது. இரண்டு வாரம் அவர்கள் இருட்டில் நடந்து வந்திருக்கிறார்கள். தெரிந்த அன்றைக்கே மாற்றினார். போர்டில் ஒரு சிறு தாளும் ஒட்டினார்: 'இந்த இரண்டு டூட்டியிலும் தவறு என்னுடையது. திருத்திவிட்டேன். மன்னிக்கவும்.' கீழே கையெழுத்து, தேதி. எங்கள் போக்குவரத்துக் கழகத்தின் நோட்டீஸ் போர்டில் எச்சரிக்கை பார்த்திருக்கிறோம், விளக்கம் கேட்கப்படுகிறது பார்த்திருக்கிறோம். 'தவறு என்னுடையது' என்று யாரும் பார்த்ததில்லை. ஆட்கள் நின்று இரண்டு முறை படித்துவிட்டுப் போனார்கள். துரோகி என்று எழுதிய கை யாருடையதோ தெரியாது. அதற்குப் பிறகு அந்தச் சுவரில் யாரும் எதுவும் கிறுக்கவில்லை.

எல்லோரும் சரியாகிவிடவில்லை. மேட்டு டிப்போவிலிருந்து பன்னிரண்டு பேர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். எங்களில் நாலு பேர் முன்கூட்டியே ஓய்வு எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் சுற்றினார்கள். ஒருவர் ரூட்டில் மற்றவர் இரண்டு மாதம் அவதிப்பட்ட பிறகு, ஓய்வறையில் பேச விஷயம் கிடைத்தது. ஜன்னல் பக்கமும் குழாய்ப் பக்கமும் எப்போது கலந்தது என்று தேதி சொல்ல முடியாது. மெடிக்கல் லீவு மெதுவாக இறங்கியது. பிரேக் இழுக்கிறது என்ற தாள்கள் மறுபடி ஒர்க்ஷாப்புக்கு வந்தன. கல்குவாரியில் டாய்லெட் கட்ட ஒன்பது மாதம் ஆனது; அதுவரை மேலாளர் ஆலைக் குடியிருப்பு அலுவலகத்தில் பேசி அவர்கள் கழிப்பறையைத் திறந்துவிடச் செய்தார். அந்த மனிதரைப் பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

சார்ட் அக்காவின் அக்கா ஐந்தாவது மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். சமாதானம் பேச அல்ல. வீட்டுக்காரருக்கு மறுபடி ஒன்பதாம் நம்பர் வந்திருக்கிறது, ஆனால் மனிதர் அது தூக்கம் வருகிற ரூட் என்று புலம்புகிறார், பதினெட்டில் போட முடியுமா என்று கேட்க. சார்ட் அக்கா பென்சில் சீவ ஆரம்பித்தார். அது தொலைபேசியில் கேட்டிருக்க வேண்டும், மறுமுனையில் அவருடைய அக்கா சிரித்துவிட்டாராம்.

ஒரு முறை நானே அவரிடம் கேட்டேன். "உங்களுக்கு இந்தக் கழகத்து மேல அவ்வளவு பிடிப்பா அக்கா? நாங்கள்லாம் கைகழுவிட்டு உக்காந்திருந்தோமே."

"நானும்தான் கைகழுவினேன். ஆறு மாசம். சும்மா தேதியை மாத்தி ஒட்டினேன்" என்றார். "எனக்கு அது ஒத்துக்கலப்பா. மனசில்லாம எட்டு மணி நேரம் உக்காந்திருக்கறது, வேலை செய்யறதை விடக் கஷ்டமா இருந்துது. முதுகுகூட வலிச்சுது."

"அந்த முதுகு வலிக்குப் பக்கத்துல கேள்விக்குறி போட்டீங்களா?"

"போட்டுக்கிட்டேன்" என்று சிரித்தார்.

இப்போது மறுபடி சர்க்குலர் வந்திருக்கிறது. டிப்போக்களைச் சேர்த்து மண்டலம் ஆக்குகிறார்கள். எங்களோடு இன்னும் மூன்று டிப்போ. ஆயிரத்து முந்நூறு பேர். மண்டலச் சார்ட்டுக்குப் பொறுப்பாக அவரைப் போட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கோப்புகளைத் தொப்பென்று வைத்தார். இரண்டு பேரிடம் எரிந்து விழுந்தார், அதில் ஒருவன் நான். அடுத்த வாரம் தலைமை அலுவலகத்துக்குப் போய், ஐந்து மாதம் அவகாசமும் டிப்போவுக்கு ஒரு ஆளும் கொடுத்தால்தான் பொறுப்பை எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆட்கள் எதற்கு என்று கேட்டார்களாம். எழுபத்தொரு ரூட் இருக்கிறது, நான் ஒருத்தி போனால் முடியாது என்றிருக்கிறார். நாலு மாதமும் டிப்போவுக்கு ஒரு ஆளும் கொடுத்தார்கள்.

எங்கள் டிப்போவிலிருந்து போகும் ஆள் நான். நாளைக்கு எனக்கு, இதுவரை ஏறியே பார்க்காத அறுபத்துமூன்றாம் நம்பர். ஆறு பத்துக்கு முதல் டிரிப். நோட்டும் பென்சிலும் வாங்கி வைத்துவிட்டேன்.